வலியறிதல்: ஓர் அச்சும் ஓர் அணையும்

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. வினையில் இறங்கும் முன் வலிமைகளை எடைபோடச் சொல்லும் அதிகாரம் அது. அதில் வள்ளுவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று வண்டியின் அச்சு. அவ்வண்டியில் ஏறுவதோ மயிலிறகு. எடையே இல்லாதது என்று நாம் எண்ணும் பொருளும் அளவு கடந்து ஏறினால் அச்சு முறியும் என்பது கருத்து. பிறிதுமொழிதல் அணிக்கு எடுத்துக்காட்டாக இக்குறளைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அணி இலக்கணத்தைச் சொல்லி, மன்னனுக்குப் பொருத்திக் காட்டி, அடுத்த குறளுக்குப் போய்விடுவது வழக்கம்.

சென்ற ஆண்டு பகுதி ஒன்று தமிழ் வகுப்பில், மேலூர்ப் பகுதியிலிருந்து வரும் இயற்பியல் மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். “ஐயா, எவ்வளவு இறகு ஏற்றினால் அச்சு முறியும் என்பதை முறிவதற்கு முன்னால் கண்டுபிடிப்பது எப்படி?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் புன்னகைத்துவிட்டு அணி இலக்கணத்திற்குத் திரும்பினேன். ஆயினும் வீடு வரை அவ்வினா என்னைத் தொடர்ந்து வந்தது. வலியை அறிய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியனுக்கு, வலியை எவ்வாறு அறிவது என்று தெரியவில்லை!

பொறியியற் கல்லூரியில் பணியாற்றும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாணவர் கேட்டது ஒரு பெருந்துறையின் முதற் கேள்வி என்றும், அத்துறை திண்மப்பொருள் இயக்கவியல் என வழங்குவது என்றும், அதன் துணையாகப் பொருள்களின் குணத்தைக் கணக்கில் வடித்துப் பார்க்கும் ‘மாதிரியாக்கம்’ வளர்ந்துள்ளது என்றும் விளக்கினார். அன்று தொடங்கி நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டு, ஒரு கருத்தை இம்மலர் வழியே மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், சமுதாயப் பெரியோர்க்கும் முன்வைக்க விரும்புகிறேன். மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் உண்ணும் சோறு இந்தக் கல்வியைச் சார்ந்திருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் இதன் பக்கம் திரும்புவதில்லை. அவர்கள் திரும்ப வேண்டும். திருப்ப வேண்டியவர்கள் நாம்.

அச்சு ஏன் முறிகிறது?

எந்தத் திண்மப் பொருளின்மீது சுமை ஏறினாலும் அதனுள்ளே ஓர் எதிர்ப்பு எழுகிறது. ஓர் அலகு பரப்பில் எழும் அந்த விசையைத் தகைவு என்கிறோம். அப்பொருள் தன் அளவில் அடையும் சிறு மாற்றத்தின் விகிதம் திரிபு. மேல்நிலைப் பள்ளி இயற்பியல் நூலில் இருக்கும் சொற்கள்தாம் இவை. சுமை சிறிதாக இருக்கும் வரை இரண்டும் சேர்ந்து வளரும். சுமையை எடுத்தால் பொருள் பழைய நிலைக்கு மீளும். இவ்வுறவை இராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். எல்லை கடந்தால் பொருள் மீளாது. மேலும் கடந்தால் முறியும்.

இத்துடன் முடிந்திருந்தால் எளிது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பிரான்சு நாட்டில் வெர்சேல்சு நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. பயணிகள் பலர் மாண்டனர். அந்த அச்சின்மேல் அன்று புதிதாகப் பெருஞ்சுமை ஏதும் ஏறிவிடவில்லை. நாள்தோறும் தாங்கிய சுமையையே அன்றும் தாங்கியது; முறிந்தது. இந்தப் புதிரை ஜெர்மானியரான ஆகஸ்டு வோலர் இரயில் அச்சுகளைக் கொண்டே பல்லாண்டுகள் சோதித்து விளக்கினார். ஒரு முறை ஏற்றினால் முறிக்காத சுமையும், இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் உள்ளே ஒரு மயிரிழை வெடிப்பைப் பிறப்பித்து, அதை வளர்த்து, ஒருநாள் முறித்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். வள்ளுவர் கூறிய மெல்லிய சுமையின் பெருக்கம் ஒருபுறம் இருக்க, மெல்லிய சுமையின் மீள்வருகையும் அச்சை முறிக்கும் என்று 19ஆம் நூற்றாண்டு கண்டது.

மதுரையே ஒரு பாடநூல்

இவை பிறநாட்டுக் கதைகள் என்று ஒதுக்க வேண்டா. திருமலை நாயக்கர் மகால் 1636இல் எழுந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு அத்தனை அகன்ற வளைவுகளை நிறுத்திய கொத்தர்களின் கையறிவு வியப்புக்குரியது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1638இல், கலிலியோவின் இறுதிப் பெருநூல் ஹாலந்து நாட்டில் அச்சேறியது. சுவரில் செருகிய உத்தரத்தின் நுனியில் எவ்வளவு சுமையைத் தொங்கவிடலாம் என்று அதில் அவர் கணக்கிட முயன்றார். அவர் கண்ட விடை முழுதும் சரியன்று. ஆனால் கேட்ட கேள்வி சரி. ஆதலின் ஐரோப்பாவில் விடை திருத்தப்பட்டுக்கொண்டே வந்து ஓர் அறிவியல் ஆயிற்று. நம் கொத்தர்களின் விடை சரியாக இருந்தது, கேள்வி எழுதப்படவில்லை. எழுதப்படாத அறிவு கையோடு பிறந்து கையோடு மறைகிறது. நாயக்கர் மகாலை அண்ணாந்து பார்த்துப் பெருமை கொள்ளும் நாம் இவ்வேறுபாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியதை மதுரை மறக்காது. கருங்கல் எரிவதில்லை, ஆயினும் தூண்கள் வெடித்தன, மேற்கூரையின் ஒரு பகுதி சரிந்தது. மதம் கடந்து நகரமே வருந்திய நாள் அது. கருங்கல் ஏன் வெடித்தது? நெருப்புப் பட்ட மேற்புறம் விரிகிறது. உட்புறம் குளிர்ந்தே இருந்து விரிய மறுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே தகைவு எழுகிறது. மேலும் கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் ஏறத்தாழ 573 பாகை செல்சியசில் தன் உள்ளமைப்பை மாற்றிச் சட்டென விரிவடைகிறது. தீயில் வெந்த தூண் எஞ்சிய வலிமையோடு நிற்கிறதா, வலிமை போயும் நிற்பதுபோல் தோன்றுகிறதா என்று சொல்லக் கண் போதாது, கணக்கு வேண்டும்.

அணையின் வலி

எல்லாவற்றிலும் பெரிய எடுத்துக்காட்டு முல்லைப்பெரியாறு. பேரணை முதல் கள்ளந்திரி வரை ஏறத்தாழ 45,000 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பகுதிகளில் ஏறத்தாழ 1,05,000 ஏக்கர் ஒருபோகம். இந்நிலங்களும், கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும், வைகைக் கரை ஊர்களின் குடிநீரும் அந்த ஒரு சுவரை நம்பி இருக்கின்றன. 1887இல் பென்னிகுயிக் தொடங்கி 1895இல் முடித்த அணை அது. நீளம் ஏறத்தாழ 1,200 அடி. கற்களைச் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் கலந்த சாந்தால் இணைத்துக் கட்டியது.

1979 ஆகஸ்டில் குசராத்தில் மோர்வி அணை உடைந்து பெருந்துயர் நேர்ந்தபின், நம் அணையின் வலிமைபற்றியும் ஐயம் எழுந்தது. 152 அடியாக இருந்த நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. நீண்ட வழக்குகளுக்குப்பின் 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது. நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அணை பாதுகாப்பானது என்று அறிக்கை தந்தது. 2014 மே 7ஆம் நாள் தீர்ப்பு 142 அடியை உறுதி செய்தது. இவ்வரலாறு நம் மேடைகளில் பலமுறை பேசப்பட்டது. பேசப்படாதது, அந்த 6 அடிக்குள் இருக்கும் கணக்கு.

இத்தகைய அணை தன் எடையால் நிற்பது. நீர் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது; கவிழ்க்கவும் முயல்கிறது. தள்ளும் விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. கவிழ்க்கும் திருப்புத்திறன் ஆழத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. எளிமைக்காக ஆழத்தை நீர்மட்டத்தின் அளவாகவே கொண்டு கணக்கிடுவோம். 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்வது உயரத்தில் 4 விழுக்காட்டிற்குச் சற்று மிகுதி. தள்ளும் விசையிலோ 9 விழுக்காடு. திருப்புத்திறனில் ஏறத்தாழ 14 விழுக்காடு. 152 அடிக்கு உயர்ந்தால் உயரம் 12, விசை 25, திருப்புத்திறன் 40 விழுக்காடு மிகும். சில அடிகளுக்காக இரு மாநிலங்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் வழக்காடின என்பது இந்த மூன்று எண்களில் விளங்கும்.

கல்லும் சாந்தும் சேர்ந்த கட்டு அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே நீர்ப்பக்க அடியில் இழுவை தோன்றாதபடி, விசைகளின் கூட்டு விளைவு அடித்தளத்தின் நடு மூன்றில் ஒரு பாகத்திற்குள் விழ வேண்டும் என்பது பொறியாளரின் பழைய விதி. 1979க்குப் பிறகு செய்த வலுவூட்டல்கள் இவ்விதியையே சார்ந்தவை. அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி வைத்து எடை கூட்டினர். உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகு வடங்களைச் செலுத்தி இழுத்துப் பிணித்தனர். பின்புறம் கான்கிரீட் சுவர் சேர்த்தனர். மூன்றும் அணையைக் கீழ்நோக்கி அழுத்தி நிலைநிறுத்தும் உபாயங்கள்.

எஞ்சும் வினாக்களும் உள்ளன. கசியும் நீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்லும். நூறாண்டு கடந்த சாந்தின் இன்றைய வலிமை என்ன? நிலநடுக்கத்தில் அணையும் அதன் பின்னுள்ள நீரும் சேர்ந்து எவ்வாறு அசையும்? இடுக்கி மாவட்டத்தில் அணைக்குக் கீழே வாழும் தாய்மாரின் அச்சம் பொய்யன்று; மேலூர் உழவரின் தாகமும் பொய்யன்று. இருவருக்கும் நீதி செய்ய வல்லது முழக்கம் அன்று, அளவு. இஸ்லாம் வலியுறுத்தும் ‘மீஸான்’ என்னும் துலாக்கோலின் பொருளும் இதுவே என்பது என் எண்ணம்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட அணைகள் அனைத்தையும் காலந்தோறும் வல்லுநர் குழு கொண்டு முழுமையாக மதிப்பிடச் சொல்கிறது. அக்குழுக்களில் வருங்காலத்தில் அமரப்போவோர் யார்? வைகைத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் சிலரேனும் அங்கே அமர வேண்டாமா? தீர்ப்பு வந்தால் வெடி வெடிக்கிறோம். அறிக்கை வந்தால் நாளிதழில் தலைப்பு மட்டும் படிக்கிறோம். அந்த அறிக்கையின் நடுப்பக்கங்களைப் படித்து, சரி எது, பிழை எது என்று சொல்லத்தக்கவர் நம் ஊரில் எத்தனை பேர்?

கணிப்பொறியும் கணக்கறிவும்

இன்று கணிப்பொறியே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே என்று கேட்கலாம். சிக்கலான பொருளின் வலிமையைக் கணிக்க இன்று பெரிதும் கையாளப்படுவது ‘பைனைட் எலிமென்ட்’ முறை. 1956இல் வெளியான, விமானக் கட்டமைப்புபற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இம்முறைக்கு வழி திறந்தது; 1960இல் ரே கிளஃப் இப்பெயரை இட்டார். நம் உழவர் வயலை வரப்பிட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரித்து நீர் பாய்ச்சுவதை நினைவிற் கொள்ளுங்கள். அதுபோல ஒரு பொருளை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் தகைவையும் திரிபையும் எளிய சமன்பாடுகளால் எழுதி, அண்டைக் கூறுகளோடு பொருத்தி, மொத்தத்தையும் கணிப்பொறி தீர்க்கிறது. முடிவில் வண்ணப்படம் ஒன்று கிடைக்கிறது. சிவந்த இடம் ஆபத்தான இடம்.

ஆனால் பாத்தி கட்டத் தெரியாதவன் கையில் வயலும் பாழாகும். 1991 ஆகஸ்டு 23ஆம் நாள் நார்வே நாட்டில், ஸ்லைப்னர் எனப்பட்ட கடல் எரிவாயுத் தளத்தின் மாபெரும் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போதே உடைந்து மூழ்கியது. கணிப்பொறிக் கணக்கில் முக்கியமான இணைப்பு ஒன்றைப் பெருங்கூறுகளாகவும் கோணல் கூறுகளாகவும் பிரித்துவிட்டனர். அதனால் அவ்விடத்துச் சறுக்குத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. அடிப்படைச் சமன்பாடு அறிந்த ஒருவர் கையாற் கணக்கிட்டுப் பார்த்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். செயற்கை நுண்ணறிவு பேசப்படும் இக்காலத்திலும் இப்பாடம் மாறவில்லை. பொறி விடை தரும்; விடையைச் சந்தேகிக்கும் அறிவை மனிதனே பெற வேண்டும்.

யார் படித்தார்? எங்கே போனார்?

“இதைப் படித்தால் என்ன வேலை?” இக்கேள்வியை வினாவெழுப்பிய மாணவரின் அத்தாவே என்னிடம் கேட்டார். ஒருபோக நிலத்தில் உழும் அவர், மகன் ‘ஆராய்ச்சி’ என்று ஏதோ சொல்வதைக் கேட்டுக் கலங்கிக் கல்லூரிக்கு வந்திருந்தார். பட்டம் முடிந்ததும் மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவருக்கு நான் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன்.

இராமேசுவரத்தில் 1931இல் பிறந்து, இராமநாதபுரத்தில் உயர்நிலைக் கல்வியும் திருச்சி வளனார் கல்லூரியில் இயற்பியலும் பயின்ற ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை ஏவுகணை நாயகர் என்றே அறிவோம். தும்பாவில் அவர் தொடக்க காலத்தில் வளர்த்த துறைகளுள் ஒன்று இழை வலுவூட்டிய பிளாஸ்டிக். எஃகின் எடையின்றி வலிமையை மட்டும் பெறும் முயற்சி அது. அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3, 1980 சூலை 18ஆம் நாள் ரோகிணியை விண்ணில் நிறுத்தியது. அத்தகைய இலேசான கலப்புப் பொருளே பின்னாளில் ஐதராபாத்தில் இளம்பிள்ளை வாதத்தால் கால் நலிந்த குழந்தைகளுக்கு ஊன்றுகருவி ஆயிற்று. 3 கிலோ இரும்பைச் சுமந்த சிறுகால்கள் 300 கிராமோடு நடந்தன. மயிலிறகின் எடையும் அச்சின் வலியும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

டாக்காவில் 1929இல் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான் அமெரிக்காவில் கட்டமைப்புப் பொறியாளர் ஆனார். வானளாவிய கட்டடம் காற்றைத் தாங்க, அதன் புறச்சுற்றையே ஒரு குழாய்போல் இயங்கச் செய்யலாம் என்று காட்டினார். சிகாகோவில் 442 மீட்டர் உயர்ந்து, கால் நூற்றாண்டு உலகின் மிக உயர்ந்த கட்டடமாகத் திகழ்ந்த சியர்ஸ் கோபுரம் அவர் கணக்கில் எழுந்தது. ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகள் தங்கும் கூடார முனையமும் அவர் பங்களிப்பே. நம் பெரியோர் பலர் அதன் நிழலில் அமர்ந்திருப்பர். அந்நிழலின் பின்னுள்ள கணக்கை எண்ணியிருக்க மாட்டோம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1977இல் பட்டம் பெற்ற சுப்ரா சுரேஷ், பொருள்களின் சோர்வுபற்றி உலகம் பயிலும் நூலை எழுதினார். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும், பின்னர்ச் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். உலோகத்தை ஆய்ந்த அதே அறிவைக் கொண்டு, மலேரியா பற்றிய இரத்தச் சிவப்பணு எவ்வாறு விறைத்துப் போகிறது என்றும் அளந்தார். இத்துறையின் எல்லை கல்லோடும் இரும்போடும் முடிவதில்லை.

நம் நாட்டில் இடங்கள் பல. சென்னைத் தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், கல்பாக்கத்தில், உருகிய சோடியத்தின் நடுவே பல்லாண்டு உழைக்க வேண்டிய எஃகை ஆராயும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். தனியார் துறையில் வாகனம், விமானம், காற்றாலை ஆகியவற்றை வடிவமைக்கும் நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளன. மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் டயர் செய்கிறார்கள். ஹூக் விதிக்கு அடங்காத இரப்பரின் நெகிழ்வை அறியாமல் டயர் இல்லை. 1992இல் தோன்றிய அரோலேப் இதே மதுரையில் கண்ணுள் வைக்கும் வில்லைகளைச் செய்கிறது. பொருளறிவு இன்றேல் வில்லை இல்லை.

கலை அறிவியல் கல்லூரி மாணவருக்கு இவ்வாயில் அடைபட்டதென்று எண்ண வேண்டா. ஆண்டுதோறும் நடக்கும் ‘கேட்’ தேர்வை இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவரும் எழுதலாம். அதில் ‘பொறியியல் அறிவியல்’ தாளில் கணிதத்தோடு திண்மப்பொருள் இயக்கவியலையும் பொருளறிவியலையும் விருப்பப் பகுதிகளாகத் தேரலாம். கணிதமும் இயற்பியலும் முதுநிலை வரை பயின்றோரை ஆய்வில் சேர்க்கும் துறைகள் உண்டு. இளநிலை ஆய்வாளருக்கு மைய அரசின் உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். காணொளிப் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. முனைவர் பட்டத்திற்கு ஐந்து ஆண்டுகளேனும் ஆகும். தொடக்க ஊதியத்தில் மென்பொருள் நிறுவனம் முந்தும். கணிதத்தில் உழைக்க விருப்பமில்லாதவர் இப்பக்கம் வருதல் வீண். இவற்றையும் அந்த அத்தாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அஞ்சு வருசம் நான் தாங்கிக்குவேன் சார். அதுக்கப்புறம் நிப்பானா?” என்றார். அதுவும் வலியறியும் வினாதான்.

மூவர்க்கு மூன்று வேண்டுகோள்

மாணவச் செல்வங்களே! வியப்பதோடு நில்லாமல் எத்தனை, எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் ஊரின் கண்மாய்க் கலிங்கும் மசூதியின் வளைவும் பேருந்தின் பட்டைவில்லும் உங்கள் ஆய்வுக்கூடம். கணிதத்தைத் தேர்வுக்குரிய பாடம் என்று தள்ளாதீர்கள். மகளிர்க்கு இத்துறை ஆகாது என்பார் பேச்சைச் செவியேற்காதீர்கள். இதற்கு வேண்டுவது கைவலிமை அன்று.

தமிழாசிரியத் தோழர்களே! நம் கடமையும் இதில் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதற்கேற்ற நல்ல நூல்களைத் தந்தோமா? தமிழகத்தில் தகைவு, திரிபு என்கிறோம். இலங்கைத் தமிழ் நூல்கள் தகைப்பு, விகாரம் என்கின்றன. இவற்றை ஒப்பிட்டுத் தெளிவு செய்வது தமிழ்த்துறையின் வேலை. ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம் என்று கொத்தனார் வாயில் வாழும் சொற்களைத் தொகுப்பதும் நம் வேலையே. நீரியல் வல்லுநரான வா.செ. குழந்தைசாமி அவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற்கும் அண்ணா பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தராக விளங்கியவர். வள்ளுவத்தைப்பற்றி எழுதிய நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். பொறியாளர் தமிழுக்கு வந்தார். தமிழாசிரியர் பொறியியலின் வாசல் வரையேனும் போகக் கூடாதா?

சமுதாயப் பெரியோர்களே! நம் விழாக்களில் முன்னோர் அறிவியல் பெருமை பேசாத மேடை இல்லை. மெர்வ் நகரத்து அல்காஸினி 1121இல் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலில் உலோகங்களையும் மணிகளையும் நீரிலும் காற்றிலும் நிறுத்து அவற்றின் ஒப்படர்த்தியைப் பட்டியலிட்டார். பொருளை அளந்தறிந்த அப்பெருமகனார்க்கு நாம் செய்யும் சிறப்பு அவர் பெயரைச் சொல்வதோடு முடியலாமா? சிறுபான்மை ஆய்வாளர்க்கென 2009இல் தோன்றிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அரசிடம் கேட்பதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்கிடையே, நம் அறக்கட்டளைகள் ஆண்டுக்கு இரண்டு மாணவர்க்கேனும், எச்சமயத்தவராயினும், கேட் தேர்வுப் பயிற்சிக்கும் ஆய்வுக்கால முதலாண்டுக்கும் துணைநிற்கலாகாதா? ஒரு திருமண விருந்தின் மிச்சத்தில் ஓர் ஆய்வாளர் உருவாவார். சுவருக்கும் மினாராவுக்கும் வாரி வழங்கும் கைகள், அச்சுவர் நிற்கும் கணக்கை அறிந்த ஒருவரை உருவாக்கவும் நீள வேண்டும்.

இவ்வாண்டு அதே அதிகாரத்தை மீண்டும் நடத்தினேன். மயிலிறகு வண்டி வந்ததும் பாடத்தை நிறுத்தி, இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் அம்மாணவரை அழைத்து வந்து, புதிய மாணவர்க்குத் தகைவையும் திரிபையும் விளக்கச் சொன்னேன். கரும்பலகையில் ஓர் அணையை வரைந்து, 136, 142, 152 என்று மூன்று கோடுகள் இட்டு, அவர் கணக்குப் போட்டார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் கம்பம் பக்கத்து மாணவி ஒருவர் அம்மூன்று எண்களையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

வலியறிந்து வினை செய்யும் தலைமுறையை இறைவன் நமக்கு அருள்வானாக.